பனடோல் போட்டும் அம்மாவின் கால் எரிவு ஏன் குறையவில்லை? நரம்பு வலிக்குப் புது மருந்து வந்துவிட்டதா?

அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், இரவில் இரண்டு பாதமும் எரிகிறது, போர்வை பட்டாலே நோகிறது, பனடோலும் டிக்ளோஃபெனாக்கும் கேட்கவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், இதற்குப் புது மருந்து வந்துவிட்டதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எங்கிருந்து வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தக் குளிசைகள் வேலை செய்யும் இடம் வேறு, அம்மாவின் வலி பிறக்கிற இடம் வேறு. கை வெட்டுப்பட்டால், மூட்டு வீங்கினால், அந்த இடத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி நரம்பு நுனிகளை உசுப்பிவிடும். அஸ்பிரின் வகைக் குளிசைகள் அது உண்டாவதைத்தான் தடுக்கின்றன என்று 1971இல் ஜோன் வேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி காட்டினார், அதற்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. டிக்ளோஃபெனாக்கும் அதே வழிதான். பனடோல் வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு, ஆனாலும் இந்த வலியில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஏனென்றால் இங்கே பழுதாகியிருப்பது நரம்பேதான். முதுகின் கீழ்ப்பக்கத்திலிருந்து கால்விரல் வரை போகிற நரம்பு கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம், சீனி கூடிக் கூடி அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்களும் நரம்பு இழைகளும் கெடும்போது கடைசி நுனிதான் முதலில் பாதிக்கப்படும், அதனால்தான் எரிவு விரலில் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறது. நரம்புச் செய்தியை ஓடவைக்கிற நுண்ணிய கதவுகளைச் சோடியம் வாயில்கள் என்பார்கள், பழுதான இழையில் அவை காரணமே இல்லாமல் திறந்து மூடும். காலில் ஒன்றுமே நடக்காமல் மூளைக்கு "எரிகிறது" என்று செய்தி போய்க்கொண்டே இருக்கும்.

போர்வை ஏன் நோகிறது? இதற்கு முள்ளந்தண்டு வடத்துக்குப் போக வேண்டும். வலிச் செய்தி ஓயாமல் வந்தால் அங்கிருக்கிற செல்களே மாறி, சாதாரணத் தொடுகையையும் வலியாக மேலே அனுப்பத் தொடங்கிவிடும். 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் இதை எலிகளில் காட்டினார். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இதைக் காட்டாது. நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கும் பரிசோதனை கூடப் பெரிய இழைகளைத்தான் அளக்கிறது, எரிவைச் சுமக்கிற மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் அந்த ரிப்போட் நோர்மல் என்று வரலாம். ஆகவே "எல்லாம் சரியாக இருக்கிறது, உங்களுக்கு மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வலியோடு இருக்கிற ஒருவரைப் பொய்க்காரியாக்குவது மாதிரி ஒரு கொடுமை இல்லை, அதுவும் நம் அம்மாமார் ஏற்கெனவே பாதியை வெளியே சொல்லாமல் விழுங்குகிறவர்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். இதற்குப் பெரும்பாலும் கொடுக்கும் குளிசைகள் வலிக்கென்று முதலில் செய்யப்பட்டவை அல்ல. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது, கபாபென்டின் வலிப்புக்கு வந்தது. எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு "இது மனநோய்க் குளிசை" என்று அம்மாவிடமிருந்து பறித்துவிடுகிறார்கள், எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும் இடம் இது. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 மில்லிகிராம், அதற்கு மேலும் போகும். நரம்பு வலிக்கு இரவில் 10 அல்லது 25இல் தொடங்குவார்கள். மூளையின் அடியிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கி வலியை அடக்குகிற ஒரு பாதை நம் எல்லோருக்கும் உண்டு, அந்தப் பாதையைத்தான் இது பலப்படுத்துகிறது. கபாபென்டினின் கதை இன்னும் விசித்திரம். காபா என்ற மூளைப் பொருளைப் போல இருக்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள், ஆனால் அது காபாவின் வேலையைச் செய்யவே இல்லை. கல்சியம் வாயில்களில் ஆல்ஃபா 2 டெல்டா என்ற பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 1996இல்தான் தெரிந்தது. அங்கே ஒட்டியதும் நரம்பு நுனி அடுத்த செல்லுக்குக் கொட்டும் வேதிப்பொருள் குறைகிறது. பிரிகாபலினும் அதே இடம்தான்.

எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் லான்செட் நியூரோலஜி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய 4 பேருக்குக் கொடுத்தால், மருந்தே இல்லாத வெறும் குளிசையால் கிடைப்பதற்கு மேல் ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. கபாபென்டின், பிரிகாபலின் என்றால் 7, 8 பேருக்கு ஒருவர். அதாவது ஒன்று கேட்கவில்லை என்றால் அம்மாவில் பிழை இல்லை, அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். அளவை மெல்ல மெல்லக் கூட்டிச் சில வாரமாவது பொறுக்க வேண்டும், இரண்டு நாள் போட்டுவிட்டு "சரிவரவில்லை" என்று விட்டால் அது மருந்தைச் சோதித்ததாக ஆகாது. அதே நேரம் தூக்கம், தலைசுற்று வரும், இரவில் எழும்பி விழாமல் பார்க்க வேண்டும். கபாபென்டினும் பிரிகாபலினும் சிறுநீரகத்தால் வெளியேறுபவை, சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறைய வேண்டும். இருதய வருத்தமோ கண் அழுத்தமோ இருந்தால் அமிட்ரிப்டிலின் தரும் முன் டொக்டருக்குத் தெரிய வேண்டும். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. டிக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்து போடுவதை மட்டும் இப்போதே டொக்டரிடம் கேட்டு நிறுத்தப் பாருங்கள், சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல.

நீங்கள் கேட்ட புது மருந்து சுசெட்ரிஜின் என்று நினைக்கிறேன். இதன் பின்னணி எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி. வட பாகிஸ்தானில் ஒரு பையன் தெருவில் கைக்குள்ளால் கத்தி செருகிக் காட்டி, தணலில் நடந்து பிழைத்தான், அவனுக்கு வலி என்பதே தெரியாது. 14 வயதாகும் முன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய சொந்தக்காரரையும் அதே பகுதியின் வேறு குடும்பங்களையும் ஆராய்ந்து, எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு பழுதாகி ஒரு சோடியம் வாயில் வேலை செய்யாததுதான் காரணம் என்று 2006இல் வெளியிட்டார்கள். அதே வாயில் அளவுக்கு மீறித் திறந்தால் பாதம் சிவந்து நெருப்பாக எரியும் பரம்பரை நோய் வரும் என்பது 2004இலேயே தெரிந்திருந்தது. அந்த வாயிலை அடைக்கும் மருந்துக்குப் பல கம்பெனிகள் முயன்றும் சரிவரவில்லை. அதன் உறவான நேவ் 1.8 வாயிலை அடைப்பதுதான் சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையில் போய் வேலை செய்யாததால் மோர்ஃபின் போல அடிமையாக்கும் பயம் இல்லை என்பது பெரிய விஷயம். ஆனால் அனுமதி சத்திரசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு மட்டும்தான். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் பார்த்தபோது, மருந்து போட்டவர்களுக்கும் வெறும் குளிசை போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. ஆகவே வெளிநாட்டிலிருந்து யாரையாவது பிடித்து எடுப்பிக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் பக்கத்தில் யுத்தத்தில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர், இல்லாத பாதம் எரிகிறது என்று அவர்கள் சொன்னால் அதுவும் இந்த வகை வலிதான், பெரும்பாலும் இதே மருந்துகள்தான். 1990களில் வி.எஸ். ராமச்சந்திரன் என்ற மூளை ஆராய்ச்சியாளர், கை இழந்தவர்களுக்குக் கண்ணாடியில் மற்றக் கையைக் காட்டி, இல்லாத கை அசைவது போல மூளையை நம்பவைத்தார். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் ஒரு கண்ணாடிதான் செலவு, பக்கவிளைவும் மிகக் குறைவு, உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் பிசியோதெரபி பகுதியில் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்கில் விற்றமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் நெடுநாள் போட்டால் பி12 குறையலாம், அது குறைந்தாலும் இதே எரிவும் விறைப்பும் வரும், அதற்கு ஊசியோ குளிசையோ இருக்கிறது. அப்புறம் எரிகிற பாதத்துக்குச் சூடு தெரியாமலும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மத்தியான வெயிலில் கோணேசர் கோவில் வெளிவீதிக் கல்லில் வெறுங்காலுடன் நடந்து, கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அம்மா விடியவே போய் வரட்டும். கால் கழுவும் சுடுதண்ணீரை வேறு ஒருவர் கையால் பார்க்க வேண்டும், ஒவ்வொரு இரவும் விரலிடுக்குவரை நீங்களே பார்க்க வேண்டும். புண், நிறமாற்றம், ஒரு காலில் மட்டும் திடீர் எரிவு, கால் பலமிழத்தல், இதில் எது வந்தாலும் கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மா இப்போது போடுகிற எல்லாக் குளிசைகளின் பெயரையும் அளவையும் கீழே எழுதினால், எதை எதோடு சேர்க்கக் கூடாது, டொக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.