கொரோனா காலத்தில் குழந்தைகளிடம் சர்க்கரை நோய் அதிகமானது உண்மையா? வைரஸ்தான் காரணமா?

அதிகமானது உண்மை. வைரஸ்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஜெர்மனியில் வாழ்கிறோம், 2020 வசந்த காலத்தில் என் மகளுக்கு டைப் 1 (உடல் இன்சுலின் சுரக்கும் திறனை இழக்கும் வகை) சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றி வெளிவரும் ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

டொராண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2023இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைவிட, குழந்தைகளுக்குப் புதிதாக டைப் 1 வரும் விகிதம் முதல் ஆண்டில் 14 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 27 சதவீதமும் கூடியிருந்தது. ஐரோப்பாவில் இந்நோய் முன்பிருந்தே ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் ஏறிக்கொண்டுதான் வந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய ஏற்றம்.

காரணம் என்ன என்பதில்தான் சிக்கல். கொரோனா வந்த சிறுவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாகத் தென்படுவதாக அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 ஜனவரியில் சொன்னது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய மருத்துவக் காப்பீட்டுத் தரவில் டைப் 1, பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் டைப் 2 எனப் பிரித்துப் பார்க்கவில்லை. பின்லாந்தில் பெருந்தொற்றின் முதல் 18 மாதங்களில் புதிதாக நோய் வந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கொரோனா தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடி) நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆனாலும் அங்கே நோய் விகிதம் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 52இலிருந்து 61 ஆகியிருந்தது. ஸ்காட்லாந்திலும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொற்று பரவும் முன்பே ஏற்றம் தொடங்கிவிட்டது. பள்ளியும் விளையாட்டும் இல்லாமல் வழக்கமான சளி, காய்ச்சல் கிருமிகளே அண்டாமல் இருந்தது நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தடம் மாற்றியிருக்கலாம் என்பது பின்லாந்து ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் ஊகம் ஊகம்தான்.

ஊரிலிருந்து பேசிய உறவினர்கள் பலர் என்னிடம் கேட்டது வேறு: "வீட்டுக்குள்ளேயே வைத்து இனிப்பாகக் கொடுத்தீர்களா?" இன்று இந்நோயோடு வாழும் குழந்தைகளின் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன், டைப் 1 இனிப்பால் வருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருகிறது. அந்த அழிவு பெரும்பாலும் அறிகுறி தெரிவதற்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும்.

ஆனால் என்னை இன்றும் உலுக்குவது வேறொரு எண். 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை ஜெர்மனியில் புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட 532 பிள்ளைகளில் 44.7 சதவீதம் பேர் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்தான நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டு இதே காலத்தில் அது 24.5 சதவீதம். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். குழந்தை வாந்தி எடுக்கும், மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கும். அந்த மாதங்களில் மூச்சு வாங்கினால் யாருக்கும் கொரோனாதான் நினைவுக்கு வந்தது. என் மகளுக்கும் தொலைபேசியிலேயே, கொரோனா பரிசோதனை முடிவு வரட்டும் என்று சொன்னார்கள். மூச்சு சீராகாததால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள், இன்று இன்சுலின் பம்ப் பொருத்திக்கொண்டு நீச்சலுக்குப் போகிறாள்.

வைரஸ் காரணமா இல்லையா என்ற விவாதம் இன்னும் சில ஆண்டுகள் நீளும். தாமதத்தைத் தடுப்பது இன்றே நம் கையில் இருக்கிறது. குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா, படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோய் மறுபடி தொடங்கியிருக்கிறதா, மெலிந்து சோர்ந்து கிடக்கிறதா? அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்காக வாங்கிய குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் அதுவே முதல் பரிசோதனைக்குப் போதும். 200க்கு மேல் (mg/dL அளவில்) காட்டினால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தால், மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.