ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை

கேள்வி: கோர் 2 டுயோ பிராசஸர் உள்ள பழைய கம்ப்யூட்டர். ஸ்விட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். ஃபேன் சுற்றுவதிலிருந்து 12 வோல்ட் வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். போர்டு போய்விட்டது என்ற முடிவுக்கு மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகே வர வேண்டும். வயதான கம்ப்யூட்டர்களில் இந்தக் கோளாறுக்கு ரேம் (நினைவகப் பலகை) சரியாகத் தொடாமல் போவதே முதல் காரணமாக இருக்கிறது.

பவர் கார்டைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு ஸ்விட்சைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இருபுறக் கிளிப்பையும் விலக்கி வெளியே எடுங்கள். தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் முனைகளை மிருதுவான வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒரே இழுப்பில் போய்விடும். ஸ்லாட்டை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். மாட்டும்போது ரேமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்த வேண்டும், இரண்டு கிளிப்பும் தாமாகவே 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் டிஸ்பிளே வரவில்லை என்றால், எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். 'பீப் பீப்' என்று போர்டு கத்தினால் நல்ல செய்தி: பிராசஸரும் பயாஸும் (போர்டிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருள்) வேலை செய்கின்றன, ரேம் இல்லை என்று புகார் சொல்கின்றன. போர்டை மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சத்தமே இல்லாவிட்டால், முதலில் கேபினெட்டில் பீப் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கேபினெட்டுகளில் இருப்பதில்லை. போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதியிருக்கும் நான்கு பின்னில் மாட்டும் சிறிய பீப்பர் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அவார்டு கம்பெனி பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறுகிய பீப்பும் வந்தால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. அமி கம்பெனி பயாஸில் மூன்று குறுகிய பீப் என்றால் ரேம்.

அடுத்து, பிராசஸர் அருகே செருகும் நான்கு பின் 12 வோல்ட் பிளக்கைப் பாருங்கள். தூசி தட்டும்போது இது கழன்று, பெரிய 24 பின் பிளக் மட்டும் மாட்டியிருந்தால் நீங்கள் சொல்லும் அதே நிலைதான்: ஃபேன் சுற்றும், படம் வராது. தனி டிஸ்பிளே கார்டு இருந்தால் கழற்றிவிட்டு, போர்டிலேயே விஜிஏ (மானிட்டர் ஒயர் மாட்டும் இடம்) இருந்தால் மானிட்டரை அதில் மாட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி எல்லாவற்றின் ஒயர்களையும் எடுத்துவிடலாம். பிராசஸர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), மானிட்டர் இவ்வளவு இருந்தாலே முதல் திரை வந்தாக வேண்டும்.

கடைசியாக, பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறிய உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்). அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, உச்சியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ அதுதான் நோய். 2000-களின் முதல் பாதியில் தரம் கெட்ட மின்பகு திரவத்தோடு வந்த கெப்பாசிட்டர்கள் பல கம்பெனிகளின் போர்டுகளைக் கெடுத்தன. பிந்தைய போர்டுகளிலும் சூட்டால் இப்படி ஆவதுண்டு. காலையில் நாலைந்து முறை அழுத்தினால்தான் கிளம்பும், சூடானபின் ஒழுங்காக ஓடும் என்றால் கட்டாயம் இதைப் பாருங்கள். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, 'லோ இஎஸ்ஆர்' (உள்தடை குறைந்த ரகம்) என்று கேட்டு வாங்க வேண்டும். ரேடியோவுக்குப் போடும் சாதாரண ரகம் இங்கே நிற்காது. போர்டின் உள்ளே உள்ள செம்புத் தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கத் திணறும். கைபழகிய டிவி மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

கேள்வி: ஸ்விட்சை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (வாசகி, தேனி)

பதில்: முடியும். முன்பக்க ஸ்விட்ச் தேய்ந்திருக்கலாம் என்பதால் அதை முதலில் பாருங்கள். போர்டில் 'பவர் ஸ்விட்ச்' என்று எழுதியுள்ள இரண்டு பின்னிலிருந்து ஒயரை உருவிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பினால் கோளாறு ஸ்விட்சில்தான்.

கிளம்பாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, எஸ்எம்பிஎஸ் பிளக்குகள் அனைத்தையும் கழற்றுங்கள். 24 பின் பிளக்கில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். சில பழைய ரகம் சுமை இல்லாமல் ஓடாது. பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வையுங்கள். மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை காட்டலாம். ஊதா ஒயரில், பச்சையை இணைக்காதபோதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் போர்டு ஸ்விட்சையே கவனிக்காது. சாம்பல் ஒயர் 'எல்லாம் சரி' என்று போர்டுக்குச் சொல்வது. ஆன் செய்து அரை நொடிக்குள் அதில் 5 வோல்ட் வரவேண்டும். சுமை இல்லாதபோது நன்றாகக் காட்டிவிட்டு, போர்டில் மாட்டியதும் 12 வோல்ட் 11-க்குக் கீழே சரிந்தாலும் அந்த எஸ்எம்பிஎஸ் ஆகாது.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-ல் இருப்பதை உறுதி செய்யுங்கள். 115-ல் வைத்து நம் மின்சாரம் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கை உருவியபின்னும் அது சிறிது நேரம் தங்கும்.

கேள்வி: தினமும் தேதி பழைய வருடத்துக்குப் போய், எஃப்1 அழுத்தச் சொல்லும். இப்போது விண்டோஸ் 7 லோகோ வந்ததும் நீலத் திரை மின்னி ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம், இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். போர்டில் உள்ள சிஆர்2032 செல் தீர்ந்தால் தேதியோடு பயாஸில் வைத்திருந்த அமைப்புகளும் அழிந்து, கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பும். அந்தக் காலப் போர்டுகள் பலவற்றில் சாட்டா மோட் (ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) அப்படி ஐடிஇ என்ற பழைய முறைக்குப் போய்விடும். உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் போடப்பட்டிருந்தால் தன் டிஸ்க்கையே அது பார்க்க முடியாமல் நின்றுவிடும். நீலத் திரையில் பிழை எண் 7பி என்று முடிந்தால் சந்தேகமே வேண்டாம்.

செல்லை அளந்து 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. பிறகு டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஏஎச்சிஐ-க்கு மாற்றி சேவ் செய்யுங்கள். இதனால் டிஸ்க்கில் உள்ளது அழியாது. சுவர் ஸ்விட்சை எப்போதும் அணைத்து வைத்தால் செல் சீக்கிரம் தீரும், ஏனெனில் மின்சாரம் இருக்கும்போது கடிகாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸே ஓட்டுகிறது. அதற்காக இடி மின்னல் நாளில் பிளக்கை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் போனால் போகட்டும், அதிலுள்ள போட்டோக்கள் மட்டும் வேண்டும். (வாசகி, ஈரோடு)

பதில்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா–யுஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்பில் மாட்டுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குலம், அதற்கு 12 வோல்ட் தேவை, யுஎஸ்பி 5 வோல்ட்தான் தரும். எனவே தனி அடாப்டரோடு வரும் கேபிளாகக் கேளுங்கள். அகலமான பட்டை ஒயர் மாட்டும் 40 பின் டிஸ்க் என்றால் அது ஐடிஇ, அதற்கான கேபிள் வேறு. லேப்டாப் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். 'டிக் டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தால் உள்ளே தகடு கீறிவிடும். அந்த நிலையில் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.