மீதி என்ன வாயு? – வாயு அளக்கும் கருவி வாங்குவோர் கேள்வி பதில்

கே: அனலைசரைச் சரிபார்க்க வாயுவைத் தெரிந்த அளவில் கலந்து கொடுக்கும் போர்ட்டபிள் காலிபிரேட்டரின் ‘கஸ்டம் கேஸ்’ பட்டியலில் புதிதாக எஸ்ஓ2 (கந்தக டை ஆக்சைடு) சேர்த்தோம். சிலிண்டர் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). மேனுவல் அட்டவணையைப் பார்த்து, வாயுவுக்கு ஏற்ப ஓட்ட அளவைச் சரிக்கட்டும் திருத்தக் காரணி 0.69 கொடுத்தோம். 400 பிபிபி (நூறு கோடியில் 400 பங்கு) கேட்டால் காற்றில் வாயுவை அளக்கும் அனலைசர் 580 காட்டுகிறது. அனலைசரையே மாற்றச் சொல்கிறார் டீலர்.
– காற்றுப் பரிசோதனைக் கூடம், கடலூர்

ப: மாற்றாதீர்கள். பாவம், அந்த அனலைசர் உண்மையைத்தான் சொல்கிறது.

0.69 என்பது சுத்தமான எஸ்ஓ2-வுக்கான எண். உங்கள் சிலிண்டரில் இருப்பது பத்து லட்சத்தில் 50 பங்கு எஸ்ஓ2. மீதி எல்லாம் நைட்ரஜன். காலிபிரேட்டருக்குள் வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ கன்ட்ரோலர் வெப்பத்தை வைத்து ஓட்டத்தை அளக்கிறது. அதைப் பொறுத்தவரை இது வெறும் நைட்ரஜன், காரணி 1. சுத்தக் காற்றோடு கலந்து நிமிடத்துக்கு மொத்தம் 5 லிட்டர் ஓட்டத்தில் 400 பிபிபி வேண்டுமானால் சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 40 மில்லி போதும். நீங்கள் 0.69 என்று சொன்னதால் அது 58 மில்லி விட்டிருக்கிறது. 580 அங்கிருந்து வந்ததுதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் புது அனலைசர் விற்கப் பார்த்த டீலரிடம் அடுத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

எனக்கு நெடுநாள் எரிச்சல் ஒன்று உண்டு. விலைப்புள்ளியில் ‘எஸ்ஓ2 50 பிபிஎம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள், மீதி என்ன வாயு என்று எழுதுவதில்லை. மீத்தேன் வாங்குவோருக்கும் இதே கதைதான். கேட்டலிடிக் சென்சார் வாயுவை எரித்து அளப்பது. எரிய ஆக்சிஜன் வேண்டும். மீதி வெறும் நைட்ரஜனாக இருந்தால் சென்சார் சரியாகக் காட்டாது, நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். அந்த மீதி வாயுவை, அதாவது பேலன்ஸ் கேஸை, எழுதாத விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், ஆர்டர் போட்ட 50-ஐ கருவியில் அடிக்காதீர்கள். சிலிண்டரோடு வரும் சான்றிதழில் 48.6 என்றிருந்தால் 48.6 என்றே அடியுங்கள். 50 என்று அடித்தால் நீங்கள் 400 என்று நம்புவது உண்மையில் 389.

கே: கேஸ் டிடெக்டர் வேலை செய்கிறதா என்று சிகரெட் லைட்டர் வாயுவை ஊதிப் பார்க்கலாமா?
– ஓசூர்

ப: கூடாது. சென்சார் கெட்டுப்போகலாம்.

கே: ஒரே லாரி வைத்துக் கழிவுநீர் உறிஞ்சும் தொழில் செய்கிறேன். ‘புதுசு’ என்று விற்ற, நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரைத் திறந்து பார்த்தால் சென்சாரில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) கொடுத்தால் முள்ளளவுகூட நகரவில்லை. ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது’ என்கிறார் கடைக்காரர்.
– திண்டுக்கல்

ப: முதலில் அந்த மீட்டரை நம்பி எந்தத் தொட்டிப் பக்கமும் போகாதீர்கள். எச்2எஸ் 100 பிபிஎம் அளவிலேயே மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும்போதுதான் ஆபத்து.

கடைக்காரர் உங்களை மிரட்டுகிறார், அவ்வளவுதான். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவரை 2019 சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. எச்2எஸ்-ஐ அளக்கும் மின்வேதி சென்சாரின் ஆயுள் பொதுவாக 2, 3 ஆண்டுதான். பெட்டிக்குள் தூங்கினாலும் கரையும். அதைப் புதிது என்று விற்றது அநியாயம். பில், சென்சார் தேதியின் படம், வாயு கொடுத்துப் பார்த்தபோது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கே: மீட்டர் மேனுவலில் சோதனை வாயு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 0.5 லிட்டர் ரெகுலேட்டர் என்று இருக்கிறது. 1.5 லிட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?
– ராணிப்பேட்டை

ப: 58 லிட்டர் சிலிண்டர் 0.5-இல் 116 நிமிடம் வரும். 1.5-இல் 39 நிமிடம்கூட வராது. மிச்சம் பிடித்த காசு சிலிண்டரில் போய்விடும். மீட்டரின் அளவும் மாறலாம். மலிவு என்று நான் வாங்கிய பித்தளை ரெகுலேட்டர் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. எச்2எஸ் அதை உள்ளே அரித்துவிட்டது. எந்த வாயுவுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

கே: மீட்டரைச் சோதிக்கத் தள்ளுபடியில் நான்கு எச்2எஸ் சிலிண்டர் வாங்கினேன். காலாவதியாகி மூன்று மாதம் ஆகிவிட்டதை இப்போதுதான் பார்த்தேன். பயன்படுத்தலாமா?
– கரூர்

ப: கூடாது. 25 பிபிஎம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கலாம். நல்ல மீட்டரைப் போட்டுத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். தேதியை மறைத்து விற்றிருந்தால் எழுதுங்கள், உங்கள் பக்கம் நிற்கிறேன். சிலிண்டர் மேலேயே அச்சடித்திருந்ததை நான்கு முறை பார்க்காமல் வாங்கியதற்கு என்னிடம் பதில் இல்லை.