கதவு திறந்திருக்கும்வரை லயிப்பு வராது

கேள்வி (சுருக்கப்பட்டது): எனக்கு 41 வயது. கணக்கு எழுதும் வேலை. சிறு வயதில் அப்பாவிடம் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். துணியும் ஊசியுமாக உட்கார்ந்தால் எனக்கு உலகமே மறந்துபோகும். கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று பின்னாலிருந்து வந்து அடிப்பார். இப்போது பூத்தையலை மறுபடி தொடங்கியிருக்கிறேன். ‘ஃப்ளோ’ என்கிறார்களே, தன்னை மறந்து வேலையில் லயித்துப்போகும் நிலை, அதற்காக ஏங்குகிறேன். ஆனால் இருபது நிமிடம் ஆவதற்குள் உடம்பு திடுக்கென்று தூக்கிப்போடுகிறது, விரலில் ஊசி ஏறிவிடுகிறது. ‘மட ஜென்மம்’ என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். கண்ணை மூடித் தியானம் செய்தால் படபடப்பு கூடுகிறது. கண்ணாடி முன் நின்று ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்லிப் பார்த்தேன், அழுகைதான் பொங்கியது. வீட்டில் தொந்தரவு ஏதும் இல்லை. கணவர் நல்லவர். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்கவாதத்தில் இரண்டு வருடமாகப் படுத்திருக்கும் அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். கூப்பிட்டால் கேட்க வேண்டுமென்று கதவை மட்டும் திறந்து வைத்திருப்பேன். அண்ணன் மாதம் தவறாமல் பணம் அனுப்பிவிடுகிறான். என்னை நானே நேசிக்கவும், அந்த லயிப்பை எட்டவும் வழி சொல்லுங்கள்.

பதில்:

சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தில் முப்பது வருடத்துக்கு முந்தைய அடிகளுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அடித்தவர் இன்று பக்கத்து அறையில் இருக்கிறார் என்பதற்கு ஒரே ஒரு வரி. அதுவும் கதவைப் பற்றிச் சொல்லப்போய்த் தவறி விழுந்த வரி. அதற்குச் சற்று முன்னால் ‘வீட்டில் தொந்தரவு ஏதும் இல்லை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

எப்படியம்மா எழுத மனம் வந்தது? எந்தக் குரலுக்கு நடுங்கி வளர்ந்தீர்களோ, அதே குரல் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள். அந்தக் காதோடு தன்னை மறக்கவும் வேண்டும் என்கிறீர்கள். நடக்காது.

ஏன் நடக்காது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர். 1970களில் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடமும் கேட்டு ஆராய்ந்தவர். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தப்பா என்பது உடனே தெரிய வேண்டும். வேலை நம் திறமையைவிட ஒரு பிடி மேலே இருக்க வேண்டும். இவை கூடிவந்தால் கவனம் மொத்தமும் வேலைக்குள் போய்விடுகிறது. கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை வேலையே எடுத்துக்கொண்டால், ‘நான் எப்படி இருக்கிறேன், என்னை யார் பார்க்கிறார்கள்’ என்று காவல் காக்க மிச்சம் இருக்காது. அந்தக் காவல் ஓய்கிற நேரம்தான் லயிப்பு.

உங்கள் உடம்போ சிறு வயதிலேயே வேறொன்றைப் படித்துவிட்டது: ஆழ்ந்தால் அடி விழும். பிள்ளைகளை அடித்து வளர்த்த வீடுகளில் பொதுவாகப் பயம்தான் மிஞ்சும்; உங்களுக்குப் பயத்தோடு லயிப்பும் சேர்த்துப் பின்னப்பட்டிருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்தவுடன் தூக்கிப்போடாமல் பதினைந்து, இருபது நிமிடம் கழித்துத் தூக்கிப்போடுகிறது. தோற்றுவிட்டதாக நீங்கள் நினைக்கிற அந்த நொடியில்தான் நீங்கள் உள்ளே இறங்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதைக் கண்டுதான் காவல் அலறிக்கொண்டு விழிக்கிறது. கண்ணை மூடிய தியானம் படபடப்பைக் கூட்டுவதும் இதனால்தான். காவல்காரனின் கண்ணைக் கட்டினால் அவன் அமைதியாகிவிடுவானா?

ஆகவே முதல் வேலை உங்கள் மனதுக்குள் இல்லை, வீட்டில் இருக்கிறது.

பெற்றவரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அவர் நல்ல அப்பாவாக இருந்தாரா என்று மதிப்பெண் போட்டுச் செய்கிற காரியமும் இல்லை அது. இதை நீங்கள் செய்துகொண்டிருப்பதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் கடமை பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. உங்கள் அண்ணன் பணம் அனுப்புவதை நீங்கள் பெருமையாகச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. பணம் செலவில் பங்கு. துடைப்பதில், புரட்டுவதில், இரவு எழுந்து போவதில் அவர் பங்கு எங்கே? நீங்கள் கணக்கு எழுதுகிறவர்தானே? ஒரு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை முறை அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், யார் போனது. நாலாவது கட்டம் முழுக்க உங்கள் பெயராகவே இருக்கும். அந்தத் தாளைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். விளக்கம் வேண்டாம். மறுநாள் பேசுங்கள்: ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீ வந்து இரண்டு வாரம் தங்கு. அதுவரை தினம் நான்கு மணி நேரத்துக்குப் பராமரிப்பாளர் ஒருவரை வைப்போம், அந்தச் செலவு உன்னுடையது.’ முடியாது என்றால் எது முடியும் என்று கேளுங்கள். ‘பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிவருகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அது நடக்கும்வரை, இன்றே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. குரலை மணியாக மாற்றுங்கள். கம்பியில்லா அழைப்பு மணியில் பொத்தான் தனி, ஒலிக்கும் பெட்டி தனி. பொத்தானை அப்பாவுக்கு வேலை செய்கிற கையின் பக்கம், படுத்தபடியே எட்டுகிற இடத்தில் கட்டிவிடுங்கள். பெட்டி உங்கள் கணவரிடம் இருக்கட்டும். நீங்கள் தைக்கும் நேரத்தில் மணி அடித்தால் போவது அவர். நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவர் எழுந்து போகட்டும். நேரத்தையும் பார்த்து வையுங்கள். படுக்கையில் இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறும். இதெல்லாம் முடிந்து, மருந்து, தண்ணீர், கழிப்பறை வேலைகளும் முடிந்த பிறகு வரும் முக்கால் மணி நேரம் உங்களுடையது.

அப்பா இப்போதும் திட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. திட்டினால், ‘இப்படிப் பேசினால் நான் வெளியே போகிறேன், மீதியை அவர் வந்து முடிப்பார்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அவரைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மூளைப் பாதிப்பாலேயே எரிச்சலும் கோபமும் கூடுவது உண்டு. மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். அவரை மன்னிக்க வேண்டுமா என்று குழம்பாதீர்கள். உடம்பைத் துடைத்துவிட மன்னிப்பு தேவையில்லை.

இனி தையலுக்கு வருவோம். முதுகு சுவரில் படும்படி, முகம் கதவைப் பார்க்க உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள். முதல் நாளே முழுக்கச் சாத்த முடியாவிட்டால் பாதி சாத்துங்கள், தாழ்ப்பாள் வேண்டாம். கண்ணைத் திறந்தபடியே அறையை ஒரு சுற்று பாருங்கள்: மேசை, விளக்கு, ஜன்னல் என்று பார்த்ததை வாயால் சொல்லுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். ஆறு தடவை போதும், ஒரு நிமிடம். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும்.

பிறகு கடிகாரத்தில் 12 நிமிடம் வையுங்கள். ஒலி வேண்டாம், அதிர்வு போதும். இருபதில் தூக்கிப்போடுகிறது என்றால் அதற்கு முன்பே நீங்களாக எழுந்துவிட வேண்டும். ஆறாவது நிமிடத்தில், ஒரு தையலை முடித்துவிட்டு, தலையைத் தூக்கிக் கதவைப் பாருங்கள். யாரும் இல்லை. திரும்பக் குனியுங்கள். திடுக்கிட்டுப் பார்ப்பதற்கும் நீங்களே முடிவு செய்து பார்ப்பதற்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியும். மூன்று அமர்வு அமைதியாகப் போனால் மூன்று நிமிடம் கூட்டுங்கள். தூக்கிப்போட்டால் மூன்று குறையுங்கள். ஒரேயடியாக நாற்பதுக்குத் தாவாதீர்கள். இதில் அவசரப்பட்டுத்தான் நிறைய பேர் கைவிடுகிறார்கள்.

எதைத் தைப்பது? சங்கிலித் தையல் உங்களுக்குத் தூக்கத்திலும் வரும். கை ஓடும், மனம் பக்கத்து அறைக்குப் போய்விடும். பெரிய பூங்கொத்தை எடுத்தால் நாலு தையலுக்குள் ‘மட ஜென்மம்’ வந்துவிடும். ஒரே ஓர் இலை, நூலைப் பக்கம் பக்கமாக நெருக்கி நிரப்பும் சாட்டின் தையலில். அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நூல் தொங்கும், எதிலாவது மாட்டும். துணியை வளையத்தில் மத்தளம்போல இறுக்குங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழையைப் பிரித்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் மட்டும் வெட்டுங்கள். நீளம் கூடினால் முடிச்சு விழும், நூல் தேய்ந்து பஞ்சடிக்கும். இலையின் நடுவில் தொடங்கி நுனிவரை நிரப்புங்கள், மறுபடி நடுவுக்கு வந்து காம்புவரை நிரப்புங்கள். நடுவில் போட்ட முதல் தையலின் சாய்வுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவு. ஓரம் படிக்கட்டுபோல வந்தால் ஊசி கோட்டைத் தாண்டுகிறது. துணி சுருங்கினால் இழுப்பு அதிகம். ஒவ்வொரு தையலும் அப்போதைக்கப்போதே பதில் சொல்லும். லயிப்புக்கு வேண்டியது இந்தப் பதில்தான்.

ஒரு எச்சரிக்கை. அடிபட்டு வளர்ந்தவர்களுக்கு மரத்துப்போவதும் லயிப்பும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் நேரம் தெரியாது. முடித்தபின் சோதித்துப் பாருங்கள். எந்த இடத்தில் சாய்வு மாறியது, எங்கே நூல் தீர்ந்தது என்று சொல்ல முடிந்தால், கை இதமாக இருந்தால், லயிப்பு. தைத்தது யாரோ மாதிரி இருந்தால், கைகால் சில்லிட்டு எதுவும் நினைவில்லை என்றால், அது மரத்துப்போனது. அன்றைக்கு நிறுத்துங்கள். எழுந்து நில்லுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கை நனையுங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

கண்ணாடியை விட்டுவிடுங்கள். நெருப்பு எரிந்து மூச்சுமுட்டிக் கிடக்கும் மூடிய அறையின் கதவைத் திடீரென்று திறந்தால், காற்று உள்ளே பாய்ந்து தீ வெளியே சீறும். பழைய காயத்தின்மேல் ஒரேயடியாக அன்பைக் கொட்டினாலும் அப்படித்தான். தன்மேல் கருணை கற்பிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அந்த அழுகையில் தப்பில்லை, அளவுதான் அதிகம். 2003இல் இந்தத் தன்கருணையை அளக்க வழிசெய்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் மூன்று கூறுகளைச் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, எல்லா மனிதருக்கும் இது நேர்கிறது என்ற நினைப்பு, வலியைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது. ‘உன்னை நேசிக்கிறேன்’ என்ற வசனம் இதில் எங்கும் இல்லை.

உங்களுக்கு அது விரலில் இருந்து தொடங்கும். ஊசி குத்தியதும் ‘மட ஜென்மம்’ என்றீர்களே, அந்த வார்த்தை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை ஊசியைத் துணியில் குத்தி நிறுத்துங்கள். சுத்தமான துணியால் விரலை அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் நிற்கும்வரை. ‘குத்திவிட்டது. வலிக்கிறது. தைக்கிற எல்லோருக்கும் குத்தும்.’ அவ்வளவே சொல்லுங்கள், அதுவும் உங்கள் மகளுக்குக் குத்தியிருந்தால் எந்தக் குரலில் சொல்வீர்களோ அந்தக் குரலில். தையல் கோணினாலும் அதே மாதிரி: நூலை அறுக்காமல் ஊசியைக் கழற்றி, ஊசியின் காதுப் பக்கத்தால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் துணியில் ஓட்டை விழும்.

இவ்வளவு செய்தும் கெட்ட கனவு, பழைய காட்சி கண்முன் ஓடுவது எல்லாம் தொடர்ந்தால், மனக்காயத்துக்குச் சிகிச்சை தரப் பயின்றவரிடம் போங்கள். உயிர் வேண்டாம் என்ற நினைப்பு தலைகாட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஈஎம்டிஆர் என்ற கண்ணசைவுச் சிகிச்சை இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது. இவற்றில் எதில் பயிற்சி பெற்றீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

கடைசியாக ஒன்று, இதில் நான் இம்மியும் இறங்கி வரமாட்டேன். கணவர் வெளியூர் போகும் நாளில் அந்த மணிப்பெட்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தைக்க உட்காரலாம் என்று தோன்றும். தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். ஆனால் அவர் எப்போது கூப்பிடுவார் என்று காது கொடுத்துக் காத்திருக்கும் வேலை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாம். அன்றைக்குத் தையல் இல்லாமல் போகட்டும்.