உங்கள் சுவரில் கிழிக்கலாம், பாறையில் கை வைக்காதீர்கள்

கேள்வி: வக்கீல் ஐயா, வணக்கம். காரைக்காலில் இருந்து கல்யாணமாகி பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. இங்கே மலையூரான சலாசியில், எல்பூர் கிராமத்துக்குப் போகும் சாலையோரம் சொந்த வீடு. இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறோம். வாசலில் இடுப்பளவு கல்சுவர். அதில் கை ஊன்றி நின்றால் எதிரே மலையில் அருவி விழுவது தெரியும், வருகிறவர்கள் படம் எடுப்பதே அங்கேதான். மார்ச் 2026 மேயர் தேர்தலுக்கு இப்போதே, பிப்ரவரியிலேயே, சுவரில் ஐந்து போஸ்டர். லிச்சி மரத்தில் ஆணி அடித்து ஒன்று. சாலைக்கு அந்தப் பக்கம் வளைவில் இருக்கும் பாறையில் பதினொன்று. பக்கத்து நிலத்துக்காரர் தன் சௌசௌப் பந்தல் காலில் ஆள் உயரப் பலகையே கட்டிவிட்டார். கேட்டால், என் நிலம், என் இஷ்டம் என்கிறார். ஒரு ராத்திரி என் மகன் சுவரில் இருந்ததையும் பாறையில் இருந்ததையும் சேர்த்துக் கிழித்துவிட்டான். வேட்பாளரின் ஆள் அதைப் போனில் படம் பிடித்து, ஜாந்தார்மிடம் (இங்கத்துப் போலீஸ்) கொடுப்பேன் என்கிறார். இதில் இன்னொன்று: அவர் முதலில் வந்து "ஒண்ணு ஒட்டிக்கிறோம்" என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் "சரி" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். எங்கள் மேல் வழக்கு வருமா? இந்தக் காகிதங்களை எடுக்க வைக்க வழி உண்டா?

பதில்: அம்மா, முதலில் மகன் விஷயம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்கும்.

பிரான்சில் பழைய சுவர்களில் "இங்கே ஒட்டக் கூடாது, 29 ஜூலை 1881 சட்டம்" என்று பிரெஞ்சில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வந்த அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுதான் போஸ்டர் கிழிப்பவர்களுக்கும். தேர்தல் போஸ்டரைக் கிழித்தால், மறைத்தால், சிதைத்தால் மூன்றாம் வகை அபராதம், அதிகபட்சம் 450 யூரோ. ஆனால் அந்தப் பிரிவை எழுதியவர் நடுவில் ஒரு சொற்றொடரை நுழைத்திருக்கிறார்: கிழித்தவரின் சொந்தச் சொத்தைத் தவிர வேறு இடத்தில் ஒட்டியிருந்தால் மட்டுமே குற்றம். உங்கள் சுவர் உங்கள் சொத்து. அதில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்ததற்கு அவர் படம் பிடித்து வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. லிச்சி மரமும் அப்படியே. ஆணியைப் பிடுங்கிவிடுங்கள், மரத்துக்கும் நல்லது.

பாறை வேறு கதை. அது சாலையோர நிலம், உங்களுடையது இல்லை. அங்கே ஒட்டியதே சட்டவிரோதம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் சட்டவிரோதமாக ஒட்டிய போஸ்டரைக் கிழிக்கும் உரிமை வழியில் போகிற எவருக்கும் கிடைத்துவிடாது. மகன் மாட்டக்கூடிய ஒரே இடம் அந்தப் பதினொன்று. ஜாந்தார்ம் கூப்பிட்டால் போகட்டும். சுவரில் கிழித்ததை மறைக்கவே வேண்டாம், பாறையைப் பற்றிக் கேட்டால் ஒரு வக்கீலிடம் பேசிய பிறகு பதில் சொல்கிறேன் என்று சொல்லட்டும். இனிமேல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். முக்கியமாக, போஸ்டர் முகத்தில் மீசை வரைவது, மேலே வேறு காகிதம் ஒட்டுவது எல்லாம் வேண்டாம். கிழித்ததைப் போலத்தான் அதுவும்.

இனி ஒட்டியவர் பக்கம். இங்கேதான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

தேர்தல் சட்டத்தொகுப்பின் எல் 51 என்கிற பிரிவு, தேர்தல் நடக்கும் மாதத்தின் முதல் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்திலிருந்து முடிவு வரும்வரை, தேர்தல் போஸ்டர் எதுவும் இரண்டே இரண்டு இடங்களில்தான் இருக்கலாம் என்கிறது. ஒன்று, மேரி, அதாவது நகராட்சி அலுவலகம், ஒதுக்கித் தரும் பலகைகள். இன்னொன்று, கொம்யூனில் (நகராட்சி எல்லைக்குள்) பொதுமக்கள் கருத்துக்கென்று விட்டிருக்கும் சுதந்திரப் பலகைகள். முதல் சுற்று 15 மார்ச் 2026, இரண்டாவது 22. ஆக 1 செப்டம்பர் 2025 முதலே இந்தத் தடை ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சாரம் அதிகாரபூர்வமாகத் தொடங்குவது 2 மார்ச், வேட்பாளர் பலகைகள் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்பது அப்போதுதான். எனவே இந்தப் பிப்ரவரியில் சுதந்திரப் பலகையைத் தவிர வேறெங்கும் ஒரு போஸ்டர்கூட இருக்கக் கூடாது. மீறினால் எல் 90-இன்படி 9,000 யூரோ அபராதம். கிழித்தவருக்கு 450, ஒட்டியவருக்கு 9,000. போனைக் காட்டி மிரட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டுக்காரர் "சரி" என்றதைப் பற்றி அவரோடு சண்டை போட வேண்டாம். இந்த ஆறு மாதத்தில் சொத்துக்காரரின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை. தனியார் சுவராக இருந்தாலும், உரிமையாளர் கையெழுத்துப் போட்டே கொடுத்தாலும், தடை தடைதான். நம் ஊரில் கட்சிக்காரர்கள் சுவரில் சின்னத்தை வரைந்து "ரிசர்வ்" என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்களே, அந்தப் பழக்கத்தை மனதில் வைத்து அவர் சரி என்றிருப்பார். சொன்ன வார்த்தை வீட்டுக்காரருக்கு உறுத்தினால், அதைத் திரும்பப் பெறுவதாக அந்த ஆளுக்கு ஒரு வரி செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அதுவே அதிகம்.

இதே காரணத்தால்தான் பக்கத்து நிலத்துக்காரரின் "என் நிலம், என் இஷ்டம்" எடுபடாது. ஆனால் நீங்களே போய் அந்தப் பலகையை அவிழ்த்தால், அவர் நிலத்துக்குள் போன குற்றமும் சேரலாம். அவரோடு வாய் கொடுக்காதீர்கள். தேர்தல் ஒரு மாதத்தில் போய்விடும், அவர் பக்கத்து வீட்டில்தான் இருப்பார்.

எடுக்க வைப்பது யார் வேலை? மேயருடையது. 2019-இல் திருத்திய பிறகு எல் 51 தெளிவாகவே சொல்கிறது: வேட்பாளருக்கு முதலில் எச்சரிக்கைக் கடிதம், அப்படியும் எடுக்காவிட்டால் மேயரே ஆள் வைத்து எடுக்கலாம், அவர் செய்யாவிட்டால் அரசின் பிரதிநிதியான பிரிஃபெக்ட் செய்யலாம். மேரிக்குப் பதிவுத் தபாலில், பெற்றதற்கான அத்தாட்சியோடு, ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். எந்த இடம், எத்தனை போஸ்டர், எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எல் 51-இன்படி நடவடிக்கை எடுக்கக் கேட்கிறேன். அவ்வளவு போதும். அருவி, அழகு, விருந்தினர் வருத்தம் இதையெல்லாம் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். மேரியை அசைப்பது எல் 51 என்கிற எண்தான்.

அந்த வேட்பாளரே இப்போதைய மேயராக இருந்தால்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேள்வியில் அந்த வாசனை அடிக்கிறது. அப்படியானால் கடிதத்தின் நகலை அதே நாளில் சேன் பெனுவாவில் உள்ள துணை பிரிஃபெக்ட் அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். சலாசி அந்த வட்டத்தில்தான் வருகிறது, தலைநகர் சேன் தெனி வரை போக வேண்டியதில்லை.

காட்சி கெடுகிறது என்று பக்கத்து நிலத்துக்காரர் மேல் சிவில் வழக்குப் போடலாமா என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். அண்டை வீட்டுத் தொல்லைக்கு 2024-இல் சிவில் சட்டத்தொகுப்பில் 1253 என்று தனிப் பிரிவே வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் வாசலில் இருந்து அருவியைப் பார்க்கும் உரிமை என்று ஒன்று சட்டத்தில் இல்லை. வழக்கு எண் விழுவதற்குள் மழையே அந்தப் பலகையைக் கரைத்துவிடும், சலாசி மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தேசியப் பூங்காவைச் சொல்லியும் மிரட்டலாம் என்று தோன்றும். மலைச்சுவர்கள் பூங்காவின் மையப் பகுதிதான், யுனெஸ்கோ 2010-இல் பட்டியலில் சேர்த்ததும் அதைத்தான். மக்கள் குடியிருக்கும் கிராமம் அந்த மையத்துக்கு வெளியே. ஆகவே அந்த வாதம் உங்கள் வளைவுக்கு ஒத்து வராது.

நாளைக்குக் காகிதத்துக்குப் பதிலாக உங்கள் சுவரில் பெயிண்டால் பெயர் எழுதிவிட்டார்கள் என்றால் அது குற்றவியல் சட்டம், 322-1, லேசான சேதத்துக்கே 3,750 யூரோ அபராதமும் பொதுச் சேவையும். அப்போது சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு ஜாந்தார்மெரியில் புகார் கொடுங்கள்.

அப்புறம் ஃபேஸ்புக். அந்த ஆளின் பெயரைப் போட்டு "திருட்டுப் பயல்" என்று மகன் ஒரு பதிவு போட்டால், அவமதிப்பும் அவதூறும் வருவது அதே 1881 சட்டத்தில்தான். அவதூறுக்கு மட்டும் 12,000 யூரோ வரை போகும். பையனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

தேர்தல் முடிந்த பிறகு முடிவை எதிர்த்துப் போகலாமா என்றும் யாராவது கேட்பார்கள். கொம்யூன் வாக்காளர் யாரும் போகலாம், ஐந்தாம் நாள் மாலை ஆறு மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆனால் வளைவில் பதினொரு போஸ்டருக்காக நீதிபதி தேர்தலை ரத்து செய்ய மாட்டார். கொம்யூன் முழுக்க அள்ளி ஒட்டி, சில வாக்குகளில் ஜெயித்திருந்தால் மட்டுமே பேச்சு.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். பாறையையும் பந்தல் பலகையையும் சாலையில் நின்றபடி படம் எடுங்கள், போனில் தேதி பதிவாகட்டும். பணம் செலவழிக்கத் தயார் என்றால், நேரில் பார்த்ததைச் சட்டப்படி பதிவு செய்யும் அதிகாரியை முன்பு உய்சியே என்போமே, 2022 முதல் நீதி ஆணையர் என்று பெயர் மாறியிருக்கிறது, அவரை வரவழைத்துப் பதிவு செய்யலாம். உங்கள் விஷயத்துக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பாறையைப் படம் எடுக்கும்போது ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லும் தெரிகிற மாதிரி எடுங்கள். எந்தப் பாறை என்று மேரியில் இருந்து யாரும் திருப்பிக் கேட்க முடியாது.