துப்பாக்கி உறை: பேடிலா, பெல்ட்டா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்பவர்கள் பேடில் உறை வாங்குவதா, பெல்ட் உறை வாங்குவதா என்று குழம்புவதுண்டு.

நாள் முழுக்க அணிவதென்றால் பெல்ட் உறைதான். உறையின் துளைகளில் பெல்ட்டைக் கோத்து இறுக்குவதால் உடம்போடு ஒட்டி நிற்கும், ஆடாது. கழற்ற பெல்ட்டை அவிழ்க்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

பேடில் உறையின் பின்னால் உள்ளங்கை அகலத்தில் வளைந்த தகடு இருக்கும். அதைக் கால்சட்டைக்குள் செருகினால், தகட்டின் கொக்கி பெல்ட்டின் கீழ் விளிம்பைக் கவ்வ வேண்டும். கவ்வாவிட்டால், உருவும்போது துப்பாக்கியோடு உறையும் சேர்ந்தே கையில் வந்துவிடும்! தொளதொள பெல்ட்டில் இது நடக்கும். 1.5 அங்குல அகலத்தில் விறைப்பான பெல்ட் போடுங்கள். குண்டுகளை நீக்கி, துப்பாக்கியின் குண்டறை காலியா என்று இருமுறை பார்த்த பிறகே உருவிச் சோதியுங்கள். அடிக்கடி கழற்றி வைப்பவருக்குப் பேடில் வசதி. துப்பாக்கியை உருவாமலே உறையோடு எடுத்துவிடலாம்.