நின்று சுட்டால் சிதறுகிறதே!

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் எல்லாம் ஒரே ஓட்டையில் விழுகிறது; நின்று சுட்டால் இலக்கின் 7-ஆம் வளையத்துக்கும் 10-ஆம் வளையத்துக்கும் இடையே அலைகிறது. கைக்கு வலுவேற்ற வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: மூட்டையில் சரியாக விழுவதால் துப்பாக்கியில் குறையில்லை. தாங்கும் விதத்தில்தான் கோளாறு. போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டு சுட வேண்டும்; ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அந்தக் கனத்தைத் தசை சுமந்தால் போகப் போக நடுங்கும். எலும்புதான் சுமக்க வேண்டும்.

வலக்கைப் பழக்கம் என்றால், இடது இடுப்பை இலக்குப் பக்கம் சற்றுத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றச் சொல்லுங்கள். முழங்கை எட்டாதவர்கள் விலாவில் ஊன்றலாம். முன்கை செங்குத்தாக நிற்கட்டும். அதன் மேல் ரைபிள் உட்கார்ந்தால் போதும், விரல்கள் இறுக்கவே கூடாது. இறுக்கினால் நாடித்துடிப்பு கூட முன்குறியில் (குழல் நுனியில் குறிபார்க்க உள்ள அமைப்பில்) தெரியும். முன்குறி 0.2 மி.மீ. நகர்ந்தாலே குண்டு 2.5 மி.மீ.க்கு மேல் விலகும். அது இலக்கில் ஒரு வளையத்தின் அகலம்!

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. குறிபார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். குறி வலப்புறம் போயிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. இழுத்த தசை, டிரிகர் விழும் நொடியில் தளரும். குண்டும் வலப்புறமே போகும். இடது பாதத்தை அசைக்காமல், வலது பாதத்தை விரல்நுனிப் பக்கமாக ஓரிரு செ.மீ. முன்னே நகர்த்தி மறுபடி சோதிக்க வேண்டும். இடப்புறம் போனால் பின்னே. குறி தாழ்ந்திருந்தால் தாங்கும் கையை டிரிகர் பக்கம் கொஞ்சம் இழுக்கலாம். பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) போடாமல் தினமும் இதை மட்டும் பழகினாலே சிதறல் குறையும்.

கேள்வி: ஸ்பிரிங் ஏர் ரைபிளை மூட்டையில் வைத்தால் குண்டு மேலே போகிறது. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: பெல்லட் பேரலை விட்டு வெளியேறுமுன்பே ஸ்பிரிங்கின் உதைப்பில் துப்பாக்கி அசைந்துவிடும். மூட்டை கெட்டியாக இருந்தால் துப்பாக்கி மேலே துள்ளும். மூட்டை மேல் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் முன்கட்டையை (பேரலுக்கு அடியில் கை தாங்கும் பகுதியை) தளர்வாக வையுங்கள். பேரலை மூட்டையில் சாய்க்கவே வேண்டாம். கை வைக்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடம் கிடைக்கும்.